ஒரே ஆளுக்கு இரண்டு முறை விலை கொடுத்த டென்வர்

2022 செப்டம்பர் 12, திங்கட்கிழமை இரவு. அமெரிக்கக் கால்பந்தில் பத்து வருடம் சியாட்டில் அணியின் செல்லப்பிள்ளையாக இருந்த குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அதே மைதானத்துக்குள் டென்வர் பிராங்கோஸ் சட்டையோடு நுழைகிறார், கூட்டம் மொத்தமும் ஊளையிடுகிறது. கடைசி நிமிடம். டென்வர் 16, சியாட்டில் 17. நான்காவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு, இன்னும் ஐந்து கஜம் போனால் ஆட்டத்தைத் தொடரலாம். பதினோரு நாளைக்கு முன்புதான் டென்வர் வில்சனுக்கு ஐந்து வருடத்துக்கு 24.5 கோடி டாலர் என்று கூடுதல் ஒப்பந்தம் போட்டிருந்தது. அப்படிப்பட்ட ஆள் கையில் அந்த ஐந்து கஜத்தை ஒப்படைக்காமல், பயிற்சியாளர் நத்தானியல் ஹாக்கெட் 64 கஜ தூரத்திலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கச் சொன்னார். உதை தவறியது, ஆட்டமும் போனது.

அன்றைக்கு அது பயிற்சியாளரின் கோளாறு என்றுதான் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அப்போதே ஒன்று உறுத்தியது: ஐந்து கஜத்துக்கு நம்பாத ஆளை ஐந்து வருடத்துக்கு எப்படி நம்பினார்கள்?

அமெரிக்கக் கால்பந்தில், அதாவது நாம் காலால் உதைக்கிற பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற அந்த ஆட்டத்தில், வருடா வருடம் ஏதாவது ஓர் அணி இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ளும். நம்மிடம் ஒரு நல்ல குவாட்டர்பேக் இருக்கிறார், ஒப்பந்தம் முடியப்போகிறது, அவர் கேட்கிற பணத்தைக் கொடுத்து வைத்துக்கொள்வதா, இல்லை இன்னும் மவுசு இருக்கும்போதே வேறு அணிக்கு விற்றுவிடுவதா? வில்சன் விஷயத்தில் ஒரே கேள்விக்கு ஒரே வருடத்தில் இரண்டு அணிகள் நேரெதிராகப் பதில் சொன்னார்கள். சியாட்டில் விற்றது, டென்வர் வாங்கிப் பணமும் கொடுத்தது. அதனால்தான் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தாக்கும் அணி ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் தொடங்கும்போதும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, எப்போது ஓடித் தப்பிப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் நூற்றுமுப்பது கிலோ ஆட்கள் தன்னை நோக்கிப் பாய்ந்து வரும்போது. 53 பேர் கொண்ட அணியில் இந்த ஓர் ஆள் சொதப்பினால் மற்ற 52 பேரும் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதிகம் பிரயோஜனமில்லை. இந்த வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இருபது பேர் தேறுவார்களா என்பது சந்தேகம், அணிகளோ 32. பற்றாக்குறை அங்கேயே ஆரம்பிக்கிறது.

சரி, பற்றாக்குறை என்றால் பணக்கார முதலாளி அள்ளிக் கொடுத்து வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். முடியாது. 1994 முதல் என்.எஃப்.எல். லீக்கில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பர்ஸ் இருக்கிற மாதிரி, ஆனால் இங்கே வருடம் முழுக்க, எல்லா ஆட்களுக்கும் சேர்த்து. 2022-ல் அந்த வரம்பு 20.82 கோடி டாலர். 2022 ஆகஸ்டில் டென்வர் அணியை வால்மார்ட் குடும்பத்தைச் சேர்ந்த ராப் வால்டனின் குழு 465 கோடி டாலருக்கு வாங்கியது, அவ்வளவு பணம் இருந்தும் அந்த வரம்பைத் தாண்டிச் சம்பளக் கணக்கு எழுத வழியில்லை. குவாட்டர்பேக்குக்கு ஒரு டாலர் கூடக் கொடுத்தால் வேறு யாரோ ஒருத்தருக்கு அந்த டாலர் குறையும்.

இங்கேதான் 2011-ல் நடந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதற்கு முந்தைய வருடம் வரை, கல்லூரியிலிருந்து முதல் ஆளாகத் தேர்வாகும் பையன் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பெரும் பணக்காரன் ஆகிவிடுவான். 2010-ல் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த வருடம் புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில் புதுமுகங்களின் சம்பளத்துக்கு ஒரு படிநிலை வைத்தார்கள், கேம் நியூட்டன் அதே முதல் இடத்தில் தேர்வாகி நான்கு வருடத்துக்கு வாங்கியது சுமார் 2.2 கோடி. அது மட்டுமில்லை, மூன்று சீசன் முடியும் வரை அந்தப் புதுமுக ஒப்பந்தத்தை மாற்றிப் பேசவே கூடாது என்றும் விதி வந்தது.

இதன் முழுப் பலனை அனுபவித்த முதல் அணிகளில் ஒன்று சியாட்டில். 2012 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்று சுற்றாகத் தேர்வு செய்யும் நிகழ்வில், மூன்றாவது சுற்றில், 75-வது ஆளாக வில்சனை எடுத்தார்கள். உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் யாரும் அவ்வளவு சீக்கிரம் எடுக்கவில்லை. நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமே சுமார் 30 லட்சம் டாலர். 2013 சீசனில் அவருக்காக வரம்பில் சியாட்டில் ஒதுக்கியது ஏழு லட்சத்துக்கும் குறைவு, மொத்த வரம்பில் அரை சதவீதம் சொச்சம். மிச்சமான பணத்தில்தான் கிளிஃப் ஏவ்ரில், மைக்கேல் பென்னட் மாதிரி ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவந்து, ஏற்கெனவே ரிச்சர்ட் ஷெர்மன், ஏர்ல் தாமஸ், கேம் சான்ஸ்லர் என்று மிரட்டிக்கொண்டிருந்த தடுப்பு அணியை இன்னும் பலமாக்கினார்கள். 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌலில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில், 43-8 என்று ஜெயித்தார்கள். எதிரணி யார் தெரியுமா, டென்வர்!

அந்த வருடத்து வில்சன் மிக நன்றாக ஆடினார், மறுக்கவில்லை. ஆனால் அவர் அவ்வளவு மலிவாக இருந்ததும் அந்தக் கோப்பைக்கு ஒரு காரணம். அடுத்த வருடமும் சூப்பர் பௌல் போனார்கள், கோல் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் வில்சன் எறிந்த பந்தை மால்கம் பட்லர் பறித்தார், 28-24 என்று தோற்றார்கள். அந்தக் கோடையில் பில் வந்தது. நான்கு வருடத்துக்கு 8.76 கோடி. 2019-ல் இன்னொரு பில், கூடுதலாக நான்கு வருடத்துக்கு 14 கோடி. 2015-லிருந்து 2021 வரை சியாட்டில் ஒரு முறைகூட சூப்பர் பௌலுக்கு முந்தைய சுற்று வரைக்கும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் சம்பளம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். சான்ஸ்லருக்குக் கழுத்தில் அடி, தாமஸுக்குக் கால் முறிவு, டிராஃப்டில் தப்பான தேர்வுகள் என்று பல. ஆனாலும் முன்பு ஒரு தப்பான தேர்வு செய்தால் அதைப் பணத்தை வைத்து மூடிவிடலாம், இப்போது மூடுவதற்குக் காசு இல்லை.

2020-ல் சியாட்டில் தன் கையாலேயே ஒரு சூடு போட்டுக்கொண்டது. ஜமால் ஆடம்ஸ் என்ற தடுப்பாட்டக்காரருக்காக 2021, 2022 இரண்டு வருடத்து முதல் சுற்றுத் தேர்வுகளையும், அதாவது டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமையையும், நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்தார்கள். அதாவது மலிவான இளம் ஆட்கள் வரும் வாசலை அவர்களே அடைத்துக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் வில்சன் தன்னை எதிரணி அதிகமாக அடிக்கிறது என்று வெளிப்படையாகவே குறைப்பட்டார். டிரேட், அதாவது வேறு அணிக்கு மாற்றிவிடும்படி, கேட்கவில்லை, ஆனால் போவதென்றால் இந்த நான்கு அணிகள் என்று அவருடைய ஏஜென்ட் ஒரு பட்டியலையும் வெளியில் விட்டார். அந்த சீசனில் விரல் முறிந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஆட்டங்களைத் தவறவிட்டார், சியாட்டில் 7 வெற்றி, 10 தோல்வி (7-10) என்று முடித்தது. அவருக்கு வயது 33.

இப்போது சியாட்டில் நிர்வாகத்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் அடுத்த வருடமே புதிய ஒப்பந்தம் கேட்பார், அது வருடத்துக்கு 5 கோடியைத் தொடும். ஆள் நம்முடன் இருக்க அவ்வளவு ஆசைப்படுகிற மாதிரியும் தெரியவில்லை. அணியிலோ ஓட்டைகள் ஏராளம், முதல் சுற்றுத் தேர்வு கையில் இல்லை. ஊரில் சிலை வைக்காத குறையாகக் கொண்டாடப்படுகிற ஒருத்தரை விற்கத் தைரியம் வேண்டும், மேலாளர் ஜான் ஷ்னைடரும் பயிற்சியாளர் பீட் கேரலும் விற்றார்கள்.

மார்ச் 2022-ல் டென்வர் கொடுத்தது இவ்வளவு: 2022, 2023 இரண்டு வருடத்து முதல் சுற்றுத் தேர்வுகள், அதே இரண்டு வருடத்து இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், ஓர் ஐந்தாம் சுற்று, கூடவே டுரூ லாக், நோவா ஃபேன்ட், ஷெல்பி ஹாரிஸ் என்று மூன்று ஆட்கள். வாங்கியது வில்சனையும் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும்.

டென்வர் முட்டாள்தனமாக வாங்கியது என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். அவர்கள் பட்ட பாடு தெரிந்தால் அப்படிச் சொல்ல வராது. 2016 பிப்ரவரியில் கோப்பையை வென்று, மார்ச்சில் குவாட்டர்பேக் பேட்டன் மானிங் ஓய்வு பெற்ற பிறகு ஆறு சீசனில் சுமார் பத்துப் பேரை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், ஒருத்தரும் நிற்கவில்லை. 2020 நவம்பரில் இன்னும் கேவலம், இருந்த குவாட்டர்பேக்குகள் எல்லோரும் கோவிட் தொடர்பு விதியால் ஒதுக்கப்பட, பயிற்சிக் குழுவில் பந்து பிடிக்கிற வேலையில் இருந்த கெண்டல் ஹிண்டன் என்ற பையனைப் பிடித்து எறியச் சொன்னார்கள். ஒன்பது முறை எறிந்தார், ஒன்று சேர்ந்தது, இரண்டை எதிரணி பறித்தது. பசித்தவன் கடைக்குப் போனால் விலை கேட்க மாட்டான்.

ஆகவே டிரேடில் எனக்குப் பெரிய குறை இல்லை. என் குறையெல்லாம் செப்டம்பர் 1-ம் தேதி மேல்தான். வில்சனின் பழைய ஒப்பந்தத்தில் 2022, 2023 இரண்டு சீசன் அப்படியே மிச்சம் இருந்தது, இரண்டும் சேர்த்துச் சுமார் 5.1 கோடிதான் வரும். ஒரு வருடம் ஆட விட்டுப் பார்த்திருக்கலாம். அப்படியே பிடிக்கவில்லை என்றாலும் சொற்ப நஷ்டத்தில் கழன்றிருக்கலாம். அவர் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே 24.5 கோடிக்குக் கையெழுத்து, அதில் 16 கோடிக்கு மேல் உத்தரவாதம்.

ஏன் அவசரப்பட்டார்கள் என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, பாதி நியாயம். அந்த வருடம் சந்தை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. மார்ச்சில் கிளீவ்லாந்து, டிஷான் வாட்சனுக்கு 23 கோடியை முழுக்க முழுக்க உத்தரவாதமாகக் கொடுத்தது. ஜூலையில் அரிசோனா, கைலர் மரேக்கு 23 கோடிக்கு மேல். ஒரு வருடம் பொறுத்தால் வில்சனின் விலை இன்னும் ஏறும் என்று பயம். இன்னொன்று, முதல் சுற்றுத் தேர்வு இரண்டைக் கொடுத்து வாங்கிய ஆளை இரண்டு வருடத்தில் போக விட்டால் ஊர் சிரிக்குமே என்ற பயம். இந்த இரண்டாவது பயம்தான் ஆளைக் கொல்வது. போன காசு போனதுதான், அதைக் காப்பாற்ற இன்னும் காசைப் போடுவது சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்காருகிறவன் செய்கிற வேலை.

டிரேடில் வாங்கும் அணி ஒரே ஆளுக்கு இரண்டு விலை கொடுக்கிறது. முதல் விலை தேர்வுகள், அதாவது நாளைக்கு மலிவாக ஆட வேண்டிய இளம் ஆட்கள். இரண்டாவது விலை சம்பளம். வைத்திருந்த அணி அந்தச் சம்பளத்தைக் கொடுத்திருந்தால் ஒரு விலையோடு போயிருக்கும், குவாட்டர்பேக்குக்கு 5 கோடி போனாலும் அந்த நான்கு தேர்வுகளில் வரும் மலிவான பையன்களை வைத்து மற்ற ஓட்டைகளை அடைக்கலாம். டென்வருக்கு அந்தப் பையன்களும் இல்லை. அதுவும் போக, பத்து வருடம் தினமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் விற்கிறான் என்றால், வாங்குகிறவன் ஒரு நிமிடமாவது ஏன் விற்கிறான் என்று யோசிக்க வேண்டாமா? மாட்டுச் சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்க்காமல் துண்டைப் போட மாட்டார்கள்.

பிறகு நடந்தது இதுதான். 2022-ல் டென்வர் 5-12. வில்சன் 16 டச் டவுன் எறிந்தார், அதாவது கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிதல்கள், 55 முறை பிடிபட்டு விழுந்தார். கிறிஸ்துமஸ் அன்று 51-14 என்று அடி வாங்கியதும் மறுநாள் ஹாக்கெட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிய பயிற்சியாளர் ஷான் பேட்டனைக் கொண்டுவர நியூ ஆர்லியன்ஸுக்கு இன்னொரு முதல் சுற்றுத் தேர்வும் போனது, ஒரு குவாட்டர்பேக்கைச் சரிசெய்ய ஆகும் செலவு குவாட்டர்பேக்கோடு நிற்பதில்லை பாருங்கள். தோற்றதால் டென்வரின் 2023 முதல் தேர்வு ஐந்தாவது இடத்துக்கு உயர்ந்தது, அது சியாட்டிலுக்குச் சொந்தம். அதில் டெவன் விதர்ஸ்பூன் வந்தார். முந்தைய வருடத் தேர்வில் சார்லஸ் கிராஸ், இரண்டாம் சுற்றுகளில் போயி மாஃபே, டெரிக் ஹால். குவாட்டர்பேக் இடத்தில்? வருடக்கணக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜீனோ ஸ்மித், அடிப்படைச் சம்பளம் 35 லட்சம் டாலர். 2022-ல் 30 டச் டவுன், அணி 9-8 என்று பிளே ஆஃப் போனது. இதை சியாட்டிலின் சாமர்த்தியம் என்று முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன், ஜீனோ இவ்வளவு நன்றாக ஆடுவார் என்று அவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் 2025 மார்ச்சில் ஜீனோ கூடுதல் சம்பளம் கேட்டபோது அவரையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு லாஸ் வேகாஸிடம் விற்றார்கள். வாங்கியவர்கள் உடனே இரண்டு வருடத்துக்கு 7.5 கோடி ஒப்பந்தம் போட்டார்கள். மறுபடியும் இரண்டு விலை.

விற்கும்போது வரும் வலியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் விற்றுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கையெழுத்துப் போடும்போது கொடுக்கிற போனஸ் அப்போதே ஆட்டக்காரர் வங்கிக்குப் போய்விடும், ஆனால் வரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். 2019-ல் வில்சன் வாங்கிய போனஸ் 6.5 கோடி, வருடத்துக்கு 1.3 கோடி என்று ஐந்து வருடம். மூன்று வருடம் எழுதியாயிற்று, 2022-ல் விற்றதும் மிச்சம் இரண்டு வருடத்து 2.6 கோடியும் ஒரே நாளில் சியாட்டில் தலையில் விழுந்தது. ஆள் டென்வரில், கணக்கு சியாட்டிலில். டெட் மனி என்பார்கள், செத்த காசு.

சியாட்டிலுக்கு விழுந்தது சுண்டு விரல் அளவுதான். 2023 டிசம்பரில் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது டென்வர் வில்சனை உட்கார வைத்தது. அவர் 26 டச் டவுன், 8 பறிப்பு என்று சுமாராக நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் காயம் பட்டு மார்ச்சில் உடல் தகுதி இல்லாமல் போனால் 2025-க்கான 3.7 கோடியும் உறுதியாகிவிடும் என்று ஒரு ஷரத்து இருந்தது. ஆட வைக்கவே பயப்படுகிற அளவுக்கு ஓர் ஒப்பந்தம்! 2024 மார்ச்சில் விடுவித்தார்கள், செத்த காசு 8.5 கோடி, லீக் அதுவரை பார்த்ததில் மிகப் பெரியது. அதை 2024-ல் 5.3, 2025-ல் 3.2 என்று பிரித்தார்கள். 2024-ன் மொத்த வரம்பு 25.54 கோடி, ஐந்தில் ஒரு பங்கு ஊரில் இல்லாத ஆளுக்கு. பிட்ஸ்பர்க் அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது, உத்தரவாதத்தில் மீதி சுமார் 3.78 கோடியை டென்வர்தான் கட்டியது.

அப்போ பணம் கொடுப்பதே தப்பா என்றால், கான்சஸ் சிட்டியைப் பாருங்கள். 2020-ல் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸுக்குப் பத்து வருடத்துக்கு 45 கோடி. ஒரு காலத்தில் வரம்பில் 13 சதவீதத்துக்கு மேல் குவாட்டர்பேக்குக்குக் கொடுத்த அணி கோப்பை வாங்காது என்று ஒரு பேச்சு உண்டு, 1994-ல் கோப்பை வென்ற ஸ்டீவ் யங் வாங்கிய 13.1 சதவீதம்தான் அதற்கு எல்லை. 2022-ல் மஹோம்ஸ் 17 சதவீதத்தோடு அதை உடைத்தார். எப்படி? அதே வருட மார்ச்சில் அணியின் அதிவேக ஆளான டைரீக் ஹில்லுக்குப் பெரும் பணம் கொடுக்க மறுத்து மியாமிக்கு விற்று ஐந்து தேர்வுகள் வாங்கினார்கள். குவாட்டர்பேக்குக்குக் கொடு, அவரைச் சுற்றி இருப்பவர்களை விற்று மலிவான பையன்களைக் கொண்டுவா. டென்வர் செய்ததற்கு நேர் தலைகீழ். மஹோம்ஸ் மாதிரி ஆள் எத்தனை பேர் என்பதுதான் சிக்கல், அந்த அளவு இல்லாதவர்களும் அதே விலையைத்தான் கேட்கிறார்கள், கிடைக்கவும் செய்கிறது. 2024-ல் டாலஸ் டாக் பிரெஸ்காட்டுக்கு வருடத்துக்கு 6 கோடி கொடுத்தது.

கொடுக்கவும் மாட்டேன் விற்கவும் மாட்டேன் என்று இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் சாட்சி. குவாட்டர்பேக் கிர்க் கசின்ஸை 2016-லும் 2017-லும் 'ஃபிரான்சைஸ் டேக்' என்ற ஒரு வருடப் பூட்டு போட்டு வைத்தார்கள், அந்த டேகுக்கு மட்டும் இரண்டு வருடத்தில் சுமார் 4.4 கோடி. 2018-ல் அவர் மினசோட்டாவுக்கு நடையைக் கட்டினார், வாஷிங்டனுக்கு டிரேட் மூலம் ஒரு பைசா வரவில்லை.

டென்வர் கதைக்கு வருகிறேன். அந்த 5.3 கோடிச் சுமையோடு 2024-ல் அந்த அணி மண்ணைக் கவ்வும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வருட டிராஃப்டில் 12-வது ஆளாக போ நிக்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள், நான்கு வருடத்துக்குச் சுமார் 1.86 கோடி, அதாவது முழு ஒப்பந்தமும் வில்சனின் அந்த ஒரு வருடச் செத்த காசில் பாதிகூட இல்லை. 10-7 என்று முடித்து, மானிங் போன பிறகு முதல் முறையாக பிளே ஆஃப் போனார்கள். 2013-ல் சியாட்டிலுக்குக் கிடைத்த அதே மலிவு இப்போது இவர்களுக்கு. மூன்று சீசன் விதிப்படி 2026 சீசன் முடிந்ததும் நிக்ஸும் அவருடைய ஏஜென்டும் புது ஒப்பந்தம் பேச வரலாம்.